அஸர் நேரத்து உப்பு

ஸாஜிதாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘ஏன்’ என்று ஒன்று மனதில் விழுந்துவிட்டால், பதில் கிடைக்கும்வரை தானும் சும்மா இருக்கமாட்டாள், அக்கம்பக்கத்தாரையும் சும்மா இருக்கவிடமாட்டாள். வானொலிப் பெட்டி எப்படிப் பாடுகிறது என்று பார்க்க ஒன்பது வயதில் அதன் திருகாணிகளைக் கழற்றியவள். அன்றோடு அந்தப் பெட்டி பாட்டை நிறுத்திக்கொண்டது. முதுகில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள், ஆனால் திருந்தினாளா என்றால் இல்லை. நாற்பது வயதாகியும் அதே புத்திதான்.

இல்லாவிட்டால், ஜனவரி மாதக் கடைசித் திங்கட்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து, கண்டக்குழிப் பள்ளிவாசலின் பின்மதிலுக்கு வெளியே ஒரு குழிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பாளா? கையில் பேனை அளவில் ஒரு மீற்றர். நுனியைத் தண்ணீரில் தோய்த்தால் அதில் எவ்வளவு உப்பு என்பதை எண்ணாகக் காட்டும். அன்று காலையில் அது 910 காட்டியது. இப்போது 2640.

மீற்றரை உடுப்பில் துடைத்து, இரண்டு உதறு உதறி, மறுபடியும் தோய்த்தாள். 2640.

“பிழையாக் காட்டுது” என்றாள். மீற்றரைத்தான் சொன்னாள். அந்தக் குழியை நம்பித்தான் அவளுடைய கிணறு இருந்தது. கிணற்றை நம்பித்தான் நாற்றுமேடை இருந்தது. நாற்றுமேடை போனால் பிறகு என்ன என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

பள்ளி மதிலுக்கும் கடற்கரைத் தென்னைகளுக்கும் நடுவில் இருந்தது அவளுடைய துண்டு நிலம். மிளகாய், கத்தரி, பீட்ரூட் என்று நாற்றுப் போட்டு மாம்புரி வரை தோட்டக்காரருக்குக் கொடுத்து வந்தாள். மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்த வாப்பா தோண்டிய கிணறு அது. இருபது வருடம் கரும்புத் தண்ணீர்போல இருந்தது. பிறகு சுற்றிவரத் தோட்டமெல்லாம் மோட்டார் வைத்து விடிய விடிய இறைக்கத் தொடங்க, தண்ணீர் முதலில் சப்பென்றானது, அப்புறம் கரித்தது. போன வருடம் நாற்றுகளின் இலை நுனி கருகத் தொடங்கியது. மீற்றர் கிணற்றில் 2150 காட்டியது. ஆயிரத்தைத் தாண்டினாலே பிஞ்சு வேர் முகம் சுளிக்கும்.

மீற்றரைக் கொண்டுவந்தவள் ஃபஹ்மியா. பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் படித்துவிட்டு, ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகிற பெண். முதல் நாளே ஸாஜிதா அவளை விடவில்லை. இது ஏன், அது ஏன் என்று குடைந்து, பகல் சோற்றுக்கும் இருத்திவிட்டாள்.

“ராத்தா, ஒங்கட ஆணத்தப் பாருங்க” என்று ஃபஹ்மியா மீன் குழம்பு இருந்த ஆணச் சட்டியைக் காட்டினாள். “எண்ணெய் மேல நிக்கிதுதானே? இந்த மணலுக்குக் கீழயும் அப்பிடித்தான். கீழ கடல் தண்ணி, அதுக்கு மேல மழைத் தண்ணி மிதந்துக்கொண்டு நிக்கிது. மெல்ல அள்ளினா எண்ணெய் மட்டும் வரும். கரண்டிய ஆழ விட்டு வழிச்சா?”

“ஆணம் வரும்.”

“அதுதான் ஒங்கட கிணத்துல வந்திரிக்கி.”

“அப்ப எண்ணெய் ஊத்தினா திரும்ப மேல நிக்குமா?”

ஃபஹ்மியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “நிக்கும். ஆனா நல்ல தண்ணிக்கு எங்க போறது?”

ஸாஜிதா மதில் பக்கம் கையை நீட்டினாள். பள்ளிக்கு ஊருக்குள்ளிருந்து குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. ஐந்து வக்துத் தொழுகைக்கும் ஆட்கள் வுழூ எடுத்துக் கை, முகம், கால் கழுவிய தண்ணீர் மதிலடி வடிகானால் வழிந்து, வெயிலில் நாறி, நுளம்பை வளர்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக அந்த நாற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அப்படித் தொடங்கியதுதான். கான் முடிகிற இடத்தில் சவர்க்கார நுரையும் மண்ணும் அடங்க ஒரு தொட்டி. அடுத்து சல்லிக்கல், மணல், சிரட்டைக் கரி போட்டு, மேலே கல்வாழை நட்ட பாத்தி. மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறி அழுக்கைத் தின்றுவிடும் என்றாள் ஃபஹ்மியா. ஸாஜிதாவுக்கு அது பெரிய அதிசயம். ஒரு கிழமை முழுக்க மணலைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றிய தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் பாத்தியைத் தாண்டிக் குழிக்கு வந்துவிடும். குழியிலிருந்து நிலத்துக்குள் இறங்கி, இருபது அடி தள்ளியிருந்த அவளுடைய கிணற்றுப் பக்கம் நகரும்.

ஊர் சும்மா விட்டதா? “வுழூ எடுக்கேக்க பாவமெல்லாம் தண்ணியோட போகுது எண்டு சொல்றாங்க. அப்ப எங்கட பாவமெல்லாம் ஸாஜிதாட கிணத்துக்கா?” என்று ஒருவர் கேட்டார். ஒருமுறை பாவித்த தண்ணீர் வேறொன்றைச் சுத்தமாக்க உதவாதே என்றார் இன்னொருவர். பள்ளி மௌலவி ஒரு வெள்ளிக்கிழமை பயான் உரையில் இரண்டுக்கும் பதில் சொன்னார். பாவனைத் தண்ணீரும் இரண்டு குல்லத், அதாவது ஏறக்குறைய இருநூறு லீற்றர் அளவு சேர்ந்துவிட்டால் சுத்தமாக்கும் தண்ணீர்தான், நிலத்துக்குள் நிற்பதோ கணக்கில்லாத குல்லத் என்றார். பாவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவாகச் செய்யலாம் என்றும் சொன்னார். அதோடு அந்தக் கதை அடங்கியது.

அடங்காதது பள்ளித் தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியாரின் யோசனை. கானை நேராகக் கடலுக்கு விடுவதுதான் அவருடைய விருப்பம். அதற்காகவே கறுப்புக் குழாய்ச் சுருள் ஒன்றை முன்பே எடுத்து வந்து வேலியோரம் போட்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ரமழானில் ஆட்கள் இரண்டு மடங்காக வருவார்கள், தண்ணீர் தேங்கி டெங்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். “ரமழான் பிறைக்கு முந்தி ஒழுங்கா வேல செய்தாப் பாப்பம். இல்லாட்டி குழாய்தான்” என்று ஒரு தவணை கொடுத்திருந்தார்.

ஃபஹ்மியாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். “ராத்தா, இந்தப் பாத்தி அழுக்கப் பிடிக்கும். உப்பப் பிடிக்க ஏலா. குழிக்கு வாற தண்ணி உப்பா இரிந்தா நானே மூடச் சொல்லுவன். இருக்கிற கிணத்தயும் கெடுத்த பாவம் எனக்கு வேணாம்.”

டிசம்பர் முழுக்கக் குழி 700, 720 என்று நின்றது. நாற்றுக்குத் தண்ணீர் விடப் போகும்போது காலையில் ஒருமுறை பார்ப்பாள். ஜனவரி நடுவில் 800 ஆனது. பிறகு 900. ‘ஏன்’ என்று ஒன்று உள்ளே விழ, அன்று பின்னேரமும் போய்ப் பார்த்தாள். பார்த்ததன் பலன்தான் அந்த 2640.

தொலைபேசியில் எண்ணைக் கேட்டதும் ஃபஹ்மியா மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

“குழிக்கு அடியால கடல் ஏறுது போல ராத்தா. அப்பிடியெண்டா ஒண்டும் செய்ய ஏலா. ஞாயிற்றுக்கிழமை நான் வாறன். பள்ளிச் சபையில சொல்லி மூடுவம்.”

“ஞாயிறு மட்டும் ஆறு நாள் இரிக்கி.”

“இரிக்கி. ஆனா ஆறு நாள்ல கடல் இறங்காது.”

அன்று இரவு ஸாஜிதா சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. கணவன் முபாரிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். கரைவலையில் இருபத்திரண்டு பேரில் முதல் ஆளாக நின்று கயிறு இழுப்பவன். கடலில் சத்தம் போட்டே வாழ்கிறவர்கள் சிலர் வீட்டில் வாய் திறப்பதில்லை, அந்த வகை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் “என்ட வீட்டுல ஒரு சீஐடி இரிக்கி, அது கண்டுபிடிக்கும்” என்று சீண்டுவான். இப்போது கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. கை கழுவிவிட்டு எழுந்து போனான். ஸாஜிதாவுக்குத் தன் கவலையே பெரிதாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். பள்ளியில் கொடுத்த கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்தாள். நாளுக்கு ஐந்து வக்து, ஒவ்வொரு வக்துக்கும் ஒரு மணித்தியாலம் கழித்து மீற்றரோடு போய் எண்ணை அதில் குறித்தாள். சுபஹுக்குப் பிறகு பனியிலும் போனாள், இஷாவுக்குப் பிறகு டோர்ச்சோடும் போனாள். நெய்னார் மோதினார் ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, பள்ளி கூட்டுவது, பைப் பூட்டுவது எல்லாம் அவர்தான்.

“என்ன புள்ள, பாங்கு சொல்லுறது நான், ஓடி வாறது நீங்களா?”

“தண்ணி பாக்கிறன் மாமா.”

“தண்ணியில என்னத்தப் பாக்க இரிக்கி?” என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

என்னத்தைப் பார்க்க இருந்தது என்றால், நிறைய இருந்தது. செவ்வாய் சுபஹ் 900, லுஹர் 760, அஸர் 2580, மஃரிப் 1400, இஷா 1050. புதன் அஸர் 2700. வியாழன் அஸர் 2610. உப்பு நாள் முழுக்க இல்லை. அஸருக்குத்தான் வந்தது, பிறகு வருகிற நல்ல தண்ணீர் அதை மெல்லக் கழுவிக்கொண்டு போனது. ஆனால் விடிவதற்குள் முழுக்கக் கழுவி முடிக்கவில்லை. காலை எண் ஏறியது அதனால்தான்.

அவள் மீன்பிடிக்காரன் பெண்சாதி. கடலில் வெள்ளம் ஏறுகிற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் பிந்தும் என்பது தெரியும். குழிக்கு அடியில் கடல்தான் ஏறுகிறது என்றால் உப்பும் நாளுக்கு நாள் பிந்த வேண்டாமா? இதுவோ பாங்குக்குக் காத்திருந்ததுபோல அஸருக்கே வந்தது. ஃபஹ்மியாவிடம் சொன்னாள். “கடல் கரைக்கி வாற நேரமும் மணலுக்குள்ளால வந்து சேர்ற நேரமும் ஒண்டில்ல ராத்தா, அத வச்சி ஒண்டும் சொல்ல ஏலா” என்றாள் அவள். அவள் சொன்னதும் சரிதான். ஆனாலும் ஸாஜிதாவுக்கு மனம் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு குழிக்குள் குனிந்தாள். 740.

அவளால் நம்ப முடியவில்லை. மீற்றரை உதறினாள். மறுபடியும் 740. காலுக்குக் கீழே இருந்த கல்வாழையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தென்னைகளுக்கு அப்பால் கடலைப் பார்த்தாள். கடல் வழமைபோல அடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒருவரும் இல்லை. தோணி ஏற்றிக் கிடந்தது, வலை குவிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை இந்தக் கரையில் யாரும் வலை வளைப்பதில்லை.

கடலுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. மனுஷருக்குத்தான் தெரியும்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். கடல் ஏறவில்லை. யாரோ மனுஷர் செய்கிற வேலை. மனுஷர் செய்வதை மனுஷரிடம் பேசி நிறுத்தலாம். யார் அந்த மகாராசன் என்பது மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை அஸர் நேரம். வுழூ எடுக்கிற இடத்தில் ஆண்கள் முழங்கால்வரை உடுப்பை உயர்த்திக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண் போய் எட்டிப் பார்க்க முடியுமா? ஊர் நாறிப்போகும். ஆகவே ஆட்களைப் பார்க்கவில்லை. மதிலுக்கு வெளியே கான் வந்து விழுகிற இடத்தில் குந்திக்கொண்டாள். முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது. மீற்றர் 680. பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் பெருஞ்சத்தம், சிரிப்பு, ஒருவரையொருவர் தள்ளும் ஓசை. தண்ணீர் கலங்கியது. மணல் வந்தது. ஒரு துண்டு நீல நைலோன் நூல் வந்தது. அதற்குப் பின்னால், வெயிலில் மின்னிக்கொண்டு, மீன் செதில் ஒன்று மிதந்து வந்தது.

மீற்றர் 4300 என்றது.

செதிலை நகத்தால் எடுத்துப் பார்த்தாள். சாளை. இந்த நாட்களில் கரைவலையில் படுகிற மீன். வீட்டில் அவளே கழுவி ஆணம் வைக்கிற மீன்.

முபாரிஸ் வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கடலுக்கு உடுத்த சாரன் எங்க?”

“பைக்குள்ள.”

“நனைஞ்சதா?”

“பள்ளியில அலசி எடுத்த. ஏன்?”

“நாளைக்கி அலசாமக் கொண்டு வாங்க. இல்ல, பொறுங்க, நாளைக்கிப் பிந்திரும்.” உள்ளே ஓடி இன்னொரு சாரனை எடுத்துவந்தாள். “இதக் கடல்ல முக்கி, நீங்க வாற மாதிரியே ஈரத்தோட கொண்டு வாங்க.”

முபாரிஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் போனான். இருபது வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவனுக்கு எப்போது மறுக்கக்கூடாது என்று தெரியும். கொண்டுவந்து பேசினுக்குள் பிழிந்தான். ஸாஜிதா அதைப் போத்தலில் ஊற்றினாள். ஒரு போத்தல் நிறைந்து, இன்னொன்றில் பாதி. மீற்றரைத் தோய்த்தால் அது எண் காட்டவேயில்லை. வெறும் கோடு காட்டிக் கைவிரித்துவிட்டது.

“ஆளுக்கு ஒண்டரைப் போத்தல் கடல்” என்றாள் மெதுவாக. “இருபத்திரண்டு பேர். இதத்தான் நீங்க பைப்புக்குக் கீழ அலசுறீங்க.”

“ஓம். வலை அஸருக்குக் கிட்டத்தானே கரையேறுது. அலசிக் காயப் போட்டுட்டு, மத்த சாரன உடுத்துத் தொழுவம். கடல் தண்ணியிலயே வுழூ எடுக்கலாம்தான். ஆனா உப்போட நிண்டா உடம்பு அரிக்கிது.”

“ஏன் பள்ளியில அலசுறீங்க? முந்தி எங்க அலசின நீங்க?”

கேட்டு முடிக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முபாரிஸ் ஈரச் சாரனைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவி விட்டான்.

“இஞ்சதான்” என்றான். “ஒன்ட கிணத்தடியில. நீதானே வராதீங்க எண்டு சொன்ன.”

சொன்னாள்தான். ஜனவரி தொடக்கத்தில் ஒருநாள், கருகிய மிளகாய் நாற்று ஒரு தட்டு கையில் இருந்தது. வலைக்காரர் எல்லாரும் வழமைபோலக் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். “இந்த உப்புக் காலோட என்ட கிணத்துப் பக்கம் ஒருத்தரும் வரவேணாம். பள்ளியில பைப் இரிக்கிதானே, அங்க போய்க் கழுவுங்க” என்று கத்தினாள். அத்தனை பேருக்கும் முன்னால், கணவனுக்கும் சேர்த்து. அவர்கள் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்களுக்கென்று அடுப்பில் ஏறும் பெரிய கேத்தலும் ஏறவில்லை.

தன் கிணற்றிலிருந்து அவள் விரட்டிய உப்பு பள்ளிக்குப் போய், கானில் இறங்கி, பாத்தியைத் தாண்டி, குழி வழியாக அவளுடைய கிணற்றுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஸாஜிதா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கடைசியில் அழுகைதான் வந்தது. முபாரிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

ஞாயிறு பகல் லுஹருக்குப் பிறகு சபை கூடியது. பெண்கள் தொழுகிற அறையின் திரைக்குப் பின்னால் ஸாஜிதாவும் ஃபஹ்மியாவும் கதிரையில் இருந்தார்கள். ஃபஹ்மியா கலண்டரைப் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியில் எதையோ கணக்குப் பார்த்து, “ராத்தா, அஸருக்கு வாற மொத்தத் தண்ணியோட ஒங்கட ஒண்டரைப் போத்தலப் போட்டுப் பாத்தா, கிட்டத்தட்ட இதே எண்தான் வருது” என்று குசுகுசுத்தாள். “நான் கடலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன். வெள்ளிக்கிழமைய எனக்கு யோசிக்கவே தோணல்ல.”

“நீங்க சொல்லுங்க” என்றாள் ஸாஜிதா.

“நீங்கதான் சொல்லணும். கண்டுபிடிச்சது நீங்க.”

சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. வலைக்காரர் உப்பைக் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். அவர்களை அனுப்பியது யார் என்று ஹாஜியார் கேட்கப்போவதில்லை. ஸாஜிதா இரவெல்லாம் அதை யோசித்துப் பார்த்திருந்தாள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தெரிந்தது.

“ஹாஜியார்” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. “என்ட கிணத்துக்கு எல்லாருட பாவமும் வரும் எண்டு அண்டைக்கிக் கதைச்சாங்க. பாவம் வரல்ல. உப்புத்தான் வந்திரிக்கி. அதுவும் நான் அனுப்பின உப்பு.” பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றடியில் கத்தியதையும் விடவில்லை.

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

“அப்ப தங்கச்சி என்ன செய்யச் சொல்லுறீங்க?” என்று ஹாஜியார் கேட்டார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான். “கடலுக்குப் போறவங்க பள்ளியில கால் கழுவ வேணாம் எண்டு பலகை அடிச்சித் தொங்கவிடவா? ரமழான் வாற நேரத்தில? இருபத்திரண்டு பேர் தொழ வாற பள்ளி இது. ஒங்கட கிணத்துக்காக அவங்களத் திருப்பி அனுப்ப ஏலுமா?”

நியாயமான கேள்வி. கிணறா ஆட்களா என்றால், அவள் ஏற்கெனவே ஒருமுறை கிணறு என்று சொன்னவள். சொல்லி என்ன கண்டாள்?

“திருப்பி அனுப்ப வேணாம். என்ட கிணத்துத் தண்ணியில கழுவட்டும். பள்ளிக்கி வரமுந்தி.”

“ராத்தா” என்று ஃபஹ்மியா கையைப் பிடித்தாள். “கிணத்தடியில ஊத்தினா அங்கயே இறங்குமே.”

“கிணத்தடியில இல்ல. தென்னைக்கி அங்கால, நிலம் கடலுக்குச் சரியிற இடத்துல ஒரு பெரிய தண்ணிப் பெரல் வைக்கிறன். என்ட தண்ணி கரிக்கும்தான். ஆனா கடல விடக் கரிக்காதுதானே? உப்பக் கழுவ அது போதும். கழுவின தண்ணி கடலுக்கே போகும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மோட்டார் வேணாம். நான் கையால அள்ளி நிரப்புறன். கரண்டி ஆழப் போகக்கூடாது.”

ஃபஹ்மியா யோசித்தாள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வாளி கிணற்றுக்குப் பெரிய இழப்பில்லை, குழியில் இறங்குவது அதைவிட எத்தனையோ மடங்கு என்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள். ஆனால் ஒன்று. இன்னும் ஒரு கிழமைக்கு அஸர் எண் ஆயிரத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குழியை மூடத்தான் வேண்டும் என்றாள்.

“ஒரு கிழமை” என்றார் ஹாஜியார்.

திங்கட்கிழமை லுஹருக்குப் பிறகு ஸாஜிதா அள்ளத் தொடங்கினாள். கிணற்றிலிருந்து தென்னைக்கு அப்பால் எழுபது அடி. ஐந்தாவது வாளியில் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஏழாவது வாளியில், உலகத்தில் எத்தனையோ பேர் ‘ஏன்’ என்று கேட்காமல் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது வாளியை ஊற்றிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பெரிய கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

வலை கரையேறியது. வலைக்காரர் பெரலைக் கண்டு தயங்கி நின்றார்கள். அவள் கிடுகு வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒருவன் மெல்ல முபாரிஸிடம், “நானா, இதுல கை வைக்கலாமா? ராத்தா ஏசுவாங்களா?” என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அது சுருக்கென்று தைத்தது. கேட்டவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

வேலிக்குப் பின்னாலிருந்தே, “கழுவுங்க. ஒங்களுக்குத்தான் அள்ளி வச்சிரிக்கி. பிளேன்டீயும் இரிக்கி” என்றாள். பிறகு, ரமழானுக்கு முந்தி எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறதுதானே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “அண்டைக்கிச் சொன்னதப் பொருந்திக்கொள்ளுங்க” என்றாள்.

அவர்களில் மூத்தவர் ஒருவர், “அதுக்கென்ன புள்ள, கிணறு கெட்டா யாருக்கும் கோவம் வரும்தானே” என்றார். பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சாரன் பிழிகிற சத்தம். சிரிப்பு.

எல்லாரும் பள்ளிக்கு நடந்த பிறகும் முபாரிஸ் நின்றான். பெரலில் ஒரு வாளிக்குத்தான் மிச்சம் இருந்தது. ஸாஜிதா வேலியைத் தாண்டி வந்து, அதை வாளியில் சாய்த்து எடுத்து, அவன் காலில் ஊற்றினாள். மணல் கரைந்து, சரிவில் கடலுக்கு ஓடியது.

“அந்த உப்பு அரிச்சதவிட நீ சொன்னதுதான் கூட அரிச்சிது” என்றான். இத்தனை நாளில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“தெரியும்” என்றாள். “எனக்கு இப்பதான் தெரியும்.”

அஸர் முடிந்து ஒரு மணித்தியாலம். குழியடிக்கு அவள் தனியாகப் போகவில்லை. மதிலுக்கு மேலால் நெய்னார் மோதினாரின் தலை, அதற்குப் பக்கத்தில் ஹாஜியாரின் தொப்பி, இந்தப் பக்கம் முபாரிஸ். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று கடைசியில் எல்லாருக்கும் விளங்கியிருந்தது. மீற்றரின் எண் ஏறியது. 500, 650, 780. ஸாஜிதா மீற்றரை ஆட்டாமல் பிடித்துக்கொண்டாள். 790. அங்கேயே நின்றது.

“என்ன காட்டுது?” என்றார் ஹாஜியார்.

சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வேலியோரம் கிடந்த கறுப்புக் குழாய்ச் சுருளைப் பார்த்தார், அவளுடைய கிணற்றைப் பார்த்தார், தென்னைகளுக்கு அப்பால் பெரலைப் பார்த்தார். “அது எழுபது அடி வருமா?” என்று முபாரிஸிடம் கேட்டார்.

“வரும்.”

“ஒரு கிழமை பாப்பம். எண் நிண்டா, கிணத்தடியில ஊத்தினாப் பெரலுக்குத் தானா ஓடுற மாதிரி அத எடுத்துப் பூட்டுங்க. புள்ள தோள உடைச்சிக்கொண்டு நிக்கிது.”

வீட்டுக்கு வந்து கலண்டரில் 790 என்று எழுதினாள். அப்படியே கிணற்றிலும் மீற்றரைத் தோய்த்துப் பார்த்தாள். 2150. ஒன்றுகூடக் குறையவில்லை. ஃபஹ்மியா சொல்லியிருந்தாள், இரண்டு மாரி மழையாவது போகவேண்டும், அவசரப்படக் கூடாது என்று. ஸாஜிதா அதையும் எழுதினாள்.

முபாரிஸ் பின்னால் வந்து நின்றான். கிணற்றுக் கட்டில் கை வைத்தான், பிறகு சட்டென்று எடுத்தான்.

“இந்தப் பக்கம் வரலாமா? இல்லாட்டி வேற எங்கயும் போகச் சொல்லுவியா?”

சீண்டுகிறானா, உண்மையாகக் கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு பட்டது. அவன் கையைப் பிடித்து எடுத்து, கிணற்றுக் கட்டின் மேல் திரும்பவும் வைத்தாள்.

“எங்கயும் போக வேணாம்” என்றாள்.